சிவப்புப் பக்கம்

காரில் முதல் தடவை உட்காருவதற்கு முன்னாலேயே ஏழு வருஷம் காருக்குச் சாமான் செய்திருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. சிமெண்ட் ஷீட் கூரை. ஒரு நீள மேஜை, அதைச் சுற்றி நாலு பொம்பளைகள். ஆவடியிலிருந்து காலை ரயிலில் வருவேன், சாயங்கால ரயிலில் போவேன். ஐந்தாவது வரை படித்தவள். கை சுத்தமாக ஓடுகிறது என்று சேர்த்துக்கொண்டார்கள்.

காரில் ஓட்டுகிறவருக்கு இடது பக்கம் ஒரு பட்டை இருக்கும். அதில் இப்படியும் அப்படியும் தள்ளுகிற குச்சி ஒன்று. பட்டையின் ஒரு கோடியில் நீலம், மறு கோடியில் சிவப்பு. குச்சியின் வால் பட்டைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வாலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. ஒன்றில் கம்பியின் கொக்கியை மாட்ட வேண்டும். கம்பி ஓடுகிற உறையைக் கிளிப் வைத்துத் திருகி இறுக்க வேண்டும். முடித்ததும் பின்னால் அவரவர் பெயிண்டில் ஒரு புள்ளி. எனக்கு மஞ்சள்.

இதை ஒரு மரப்பலகையில் வைத்துச் செய்வோம். பட்டையைக் கவிழ்த்து வைத்தால் பலகையின் முளையில் உட்கார்ந்துகொள்ளும். முகம் கீழே, முதுகு மேலே. அதனால் வேலை செய்கிறவளுக்குச் சிவப்பும் தெரியாது, நீலமும் தெரியாது. அதற்காகப் பலகையின் ஒரு கோடியில் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பக்கத்து ஓட்டையில் கொக்கியை மாட்டு என்பார் சூப்பர்வைசர். பாடம் அவ்வளவுதான். மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதில்லை. யாரும் மாற்றி மாட்டியதும் இல்லை.

சேர்ந்த புதிதில் அவரைக் கேட்டேன். "இது எதுக்கு சார்?"

"சூட்டுக்கு."

"எந்தச் சூட்டுக்கு?"

"வேலையப் பாரும்மா."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "அம்பத்தூர்ல எவனுக்குடி காசு குட்த்து சூடு வோணும்? ஊட்டுக்குள்ளயே வேவுது."

எனக்கு அது மனதில் நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு நூறு குச்சி மாட்டுகிறேன். அது எதைத் தள்ளுகிறது, எதை இழுக்கிறது என்று தெரியவில்லை.

தெரிந்துகொண்டது முதலாளியின் டிரைவரிடம். அதுவும் சண்டையில் ஆரம்பித்தது. எங்களுக்குக் குடிக்க ஒரு பானையில் லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருப்போம். அவர் தினம் காலையில் வந்து அதில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாள் பின்னாலேயே போனேன். காரின் முன்மூடியைத் தூக்கி, உள்ளே ஒரு வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, நாங்க குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்துறியே. பின்னால குழா கீதே."

"அது போர் தண்ணி அக்கா. உப்பு."

"வண்டி ருசி பாத்து குடிக்குதா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "உன் ஊட்ல வெந்நி காய வெக்கிற குண்டான உள்ளாண்ட பாத்துகீறியா? இன்னிக்குப் போயி பாரு. அப்பாலிக்கா வந்து சண்ட போடு."

போய்ப் பார்த்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் நெம்பினேன், சில்லாகப் பெயர்ந்தது. மறுநாள் சண்டை போடவில்லை. கேள்வி கேட்டேன்.

எஞ்சின் ஓடினால் கொதிக்கும், அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்கு வரும், காற்றில் ஆறி மறுபடி உள்ளே போகும் என்றார். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறதா என்று கேட்டேன். அதே தண்ணீர்தான் என்றார். அதுவரை மாடு குடிக்கிற மாதிரி வண்டியும் குடித்துத் தீர்க்கிறது என்று நினைத்திருந்தேன்.

"அப்ப தெனம் எதுக்கு ஊத்துற?"

"ஊத்த வர்ல. பாக்க வர்றேன். கொறஞ்சிருந்தா எங்கியோ ஒழுவுதுன்னு அர்த்தம். எங்கன்னு தேடணும்." ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினார். மெத்தென்று இருந்தால் நல்லது, நொறுக்கென்றால் மாற்ற வேண்டும். விசிறியைச் சுற்றுகிற பெல்ட்டை விரலால் அழுத்தினார். விரல் கனம் அமுங்கலாம், அதற்கு மேல் கூடாது. "ஓடி வந்த சூட்டோட மட்டும் இந்த ரேடியேட்டர் மூடியத் தொறந்துடாத." முழங்கையைக் காட்டினார். சுருங்கின தோல். "வயசுல தொறந்தேன்."

கடைசியாக என் கேள்விக்கு வந்தேன். அவர் என்னைக் கதவோரம் நிற்க வைத்து, உள்ளே குனிந்து கால் வைக்கிற இடத்துக்கு மேலே காட்டினார். அங்கே ஒரு குட்டி ரேடியேட்டர் ஒளிந்திருக்கிறதாம். எஞ்சினின் சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் அதற்குள் வரும். பின்னாலிருந்து ஒரு ஃபேன் ஊதும். குளிர் ஊரில் இருப்பவனுக்கு வெந்நீர்க் காற்று. தண்ணீர் வருகிற வழியில் ஒரு திருகு. சிவப்புக்குத் தள்ளினால் அது திறக்கும், நீலத்துக்குத் தள்ளினால் மூடும்.

"உங்க கம்பி அந்தத் திருகத்தான் பிடிச்சிகினு கீது."

ஏழு வருஷமாக நான் செய்தது குழாய்க்கு ஒரு கைப்பிடி.

"நம்ம ஊர்ல இத எவன் தொறக்கப் போறான்?"

"நான் தொறந்துகீறேன். வண்டி ரொம்பச் சூடேறி வழியில நிக்கப் போவுதுன்னா சிவப்புக்குத் தள்ளி ஃபேனப் போட்டுடணும். எஞ்சின் சூட்டுல கொஞ்சம் உள்ள வந்துடும். வண்டி பொழைச்சிக்கும். உள்ள கீறவன் இட்லி."

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பலகைகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். ஐந்து பலகை. நாலு எங்களுடையது, ஒன்று உபரி. துடைத்ததில் உபரிப் பலகையில் மிச்சம் இருந்த சிவப்பும் போய்விட்டது. பிறகு பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்றார்கள். பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்தது நான். எங்கள் பலகைகள் மேஜையில் படுத்திருந்தன. நடுவில் வைத்தேன். உபரிப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. நெற்றியில் வைக்கிற மாதிரி உச்சியில் வைத்தேன். குங்குமம் உதிராமல் இருக்க நல்லெண்ணெயில் குழைத்திருந்தேன். அழுத்தமாக வைத்தேன்.

நூம்பல்காரி பத்து நாள் கழித்துச் சேர்ந்தாள். ஐந்தாவது ஆள். நூம்பலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். அவள் நட்ட நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். வீட்டுக்காரன் படுத்த படுக்கை, இவள் வாங்குகிற வாரக் கூலிதான் வீட்டுக்கு. அதிகம் பேச மாட்டாள். சூப்பர்வைசர் ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் உபரிப் பலகையைக் கொடுத்தார். பச்சை பெயிண்ட் கொடுத்தார். எட்டு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறோம் என்றார். அவள் ஒரு மாதத்தில் எங்கள் வேகத்துக்கு வந்துவிட்டாள்.

கோடை தொடங்கினபோது முதலாளி காரில் குச்சி உடைந்துபோனது. நம் சரக்குதானே என்று டிரைவர் வந்து கேட்டார். பெட்டியில் மேலாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பச்சைப் புள்ளி வைத்தது. எப்போதும் போல நீலத்தில் வைத்து மாட்டிவிட்டார். அதிலிருந்து முதலாளி காரில் ஏறினால் கால் எரிகிறது என்பார். மே மாசம் சார் என்பார் டிரைவர்.

ஜூனில் பெட்டி திரும்பி வந்தது. எங்கள் சாமானை வாங்கிக் கார் கம்பெனிக்குக் கொடுக்கிறவர்கள் அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு கடிதம். மலை ஊர்களிலிருந்து புகார். சிவப்பில் வைத்தாலும் சூடு வரவில்லை, கம்பி லூசு. பிறகு தெரிந்தது, சமவெளிக்காரர்கள் ஒருவர்கூட எழுதவில்லை. காருக்குள் அனல் அடிப்பது அவர்களுக்கு ஒரு புகாராகவே தோன்றவில்லை.

சூப்பர்வைசர் பெட்டியைக் கொட்டினார். எல்லாம் பச்சைப் புள்ளி. ஒன்றை எடுத்துக் கிளிப்பை ஆட்டினார். ஆடியது. வண்டியிலிருந்து நெம்பிப் பிடுங்கினது ஆடத்தான் செய்யும். நான் அப்போது அதை நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

"ஏம்மா, உன் கை இவ்ளோ லூசா? நாத்து நடுறாப்ல சொருவிட்டுப் போயிட்டியா?"

"இறுக்கித்தான் வெச்சேன் சார்."

"இறுக்கி வெச்சா இது ஏன் வருது?"

வாங்குகிறவர்களின் பூந்தமல்லி கோடவுனில் இன்னும் நானூறு சொச்சம் கிடக்கிறது, போய் இறுக்கிக் கொடுத்துவிட்டு வா, அதோடு சரி, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். எட்டு மாதம் முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. அன்று மத்தியானம் அவள் டப்பாவைத் திறந்து முழுதாகச் சாப்பிட்டாள். கழுவி வைத்தாள். வந்து மறுபடி பலகை முன்னால் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை முதலாளி காரிலேயே கிளம்பினோம். அவள் கைவேலையை மேற்பார்வை பார்க்க நான். முன்னால் டிரைவரும் சூப்பர்வைசரும், பின்னால் நாங்கள் இருவரும், மடியில் ஸ்க்ரூடிரைவர்களும் கிளிப் டப்பாவும். முதல் கார் பயணம். சீட் அமுங்கியதும் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் கொஞ்சம் பயமாக இருந்தது. டிரைவருக்குக் காலையில் முன்மூடியைத் தூக்கிப் பார்க்க நேரம் கொடுக்கவில்லை சூப்பர்வைசர். நேரமாகிறது, எடு என்றுவிட்டார்.

மதுரவாயல் தாண்டி வேலப்பன்சாவடிக்கு முன்னால் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. பின்னால் எல்லாம் நின்றுவிட்டது. நகர்வதும் நிற்பதுமாக இருந்தோம். வெயில் ஏறியது. நூம்பல் திரும்பும் இடம் அதுதான். நூம்பல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பயனில்லை. தலையில் புல்லுக்கட்டோடு போன ஒருத்தி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, கார்ல போற? பெரிய வேலையா குட்த்துட்டானுங்க?"

"ஆமா. நாளைக்கு ஏரோப்ளேன்."

"போ போ. எங்கள மறந்துடாத."

புல்லுக்கட்டுக்காரி போனதும் நூம்பல்காரி ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

டிரைவர் முன்னால் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சூடேறுது சார்" என்றார். ஓரம் கட்ட வழி இல்லை. நாலு பக்கமும் வண்டி. குச்சியைப் பிடித்து சிவப்புக்குத் தள்ளினார், ஃபேனைப் போட்டார். எனக்கு விஷயம் தெரியும் என்பதால் முன்னால் குனிந்து, காற்று வரும் இடத்தில் கையை நீட்டினேன். வெந்நீர்க் காற்றை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பு, பிறகு வந்தது சாதாரணக் காற்று. முள் இன்னும் ஏறியது.

"பாத்தியா?" என்றார் சூப்பர்வைசர், பின்னால் திரும்பாமல். "இதுவும் அந்தம்மா மாட்டினதுதான். லூசு."

நான் டிரைவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி ஒரு தடவை குச்சியைப் பின்னுக்கு இழுத்து, சிவப்புக்குத் தள்ளினார். கம்பி லூசாக இருந்தால் குச்சி சும்மா போகும். அது எனக்குக் கைப்பழக்கம், நூறு நூறாகத் தள்ளிப் பார்த்தவள். அவர் கை சும்மா போகவில்லை. கடைசியில் ஒரு பிடிப்பு இருந்தது, மணிக்கட்டு அழுந்தியது. அந்தப் பக்கம் திருகு அசைகிறது. அசைந்துமா சூடு வரவில்லை?

"அண்ணாத்தே, நீலத்துக்குத் தள்ளு."

"நீலம் மூடுறதாச்சே அக்கா."

"தள்ளேன்."

"உனக்கு இன்னாம்மா தெரியும்? சும்மா இரு" என்றார் சூப்பர்வைசர்.

டிரைவர் முள்ளைப் பார்த்தார். நீலத்துக்குத் தள்ளினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் என் விரலில் வந்தது. சோற்றுப் பானை மூடியைத் திறந்த மாதிரி. கையை எடுத்துக்கொண்டேன். காருக்குள் ரப்பரும் தூசியும் கலந்த வாடை. எல்லாரும் கண்ணாடியை முழுக்க இறக்கினோம். சூப்பர்வைசர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முள் நின்றது. மெல்ல இறங்கியது.

"மாத்திக் கீது" என்றார் டிரைவர். "அதான் மொதலாளிக்குக் காலு எரிஞ்சிது. நீலத்துலயே வெச்சிருந்தேன்."

லாரியைத் தாண்டினதும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். முன்மூடியைத் தூக்கிவிட்டு வெகுநேரம் தொடவில்லை. ஒரு குழாய் முனையை இறுக்குகிற வளையம் தளர்ந்து தண்ணீர் சொட்டியிருந்தது. இறுக்கினார். பிறகு ஈரத்துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். ஊற்றத் தண்ணீர் இல்லை. எங்கள் குடிதண்ணீர் பாட்டில்கள்தான் இருந்தன. நூம்பல்காரி தன்னுடையதை நீட்டினாள். நானும் கொடுத்தேன். "இன்னிக்குச் சண்ட இல்லியாக்கா?" என்றார் டிரைவர்.

கோடவுனில் நானே பெட்டியைப் பிரித்தேன். ஒரு மஞ்சள், ஒரு பச்சை எடுத்து, முகம் மேலே தெரிய வைத்து, கீழே விரல் விட்டுத் தடவினேன். மஞ்சளில் கொக்கி சிவப்புப் பக்கம். பச்சையில் நீலப் பக்கம். இன்னொரு பச்சை. அதுவும் அப்படியே. எல்லாமே.

"ஏன் மாத்தி மாட்டுன?" என்றார் சூப்பர்வைசர்.

"சிவப்புப் பக்கம் மாட்டச் சொன்னீங்க சார். சிவப்புப் பக்கம்தான் மாட்டுனேன்."

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல சார்."

அவள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. சொன்னதையே சொன்னாள். ஒருத்தி நானூறு தடவையும் ஒரே பக்கம் தப்பு செய்வாளா என்று நான் யோசித்தேன். கை தவறினால் அங்கொன்று இங்கொன்று தவறும். இது தவறின கை இல்லை. எதையோ பார்த்துச் செய்த கை. எதைப் பார்த்தாள்?

மறுநாள் முதல் ஆளாகப் போனேன். அவள் பலகையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பெயிண்ட் ஒரு பொட்டுக்கூட இல்லை. யாரும் அடிக்கவே இல்லை. ஆனால் ஒரு கோடியில் சிவப்பு இருந்தது. கட்டைவிரல் அகலம். மரத்துக்குள் ஊறி, கறுத்த சிவப்பாக. மூக்கில் வைத்தேன். நல்லெண்ணெய் வாடை இன்னும் இருந்தது.

முளை இருக்கிற விதத்தை என் பலகையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். அது நீலப் பக்கம்.

அந்த மாதம் என்னை மேஜைக்குத் தலைமை ஆளாகப் போடுவதாகப் பேச்சு இருந்தது. துடைத்துவிட்டால் தெரியாது. மண்ணெண்ணெய் பக்கத்திலேயே இருந்தது. நூம்பல்காரி வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பலகையை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன்.

"இதுதான் சார் அவ பாத்த சிவப்பு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். "பூஜைப் பொட்டா?"

"ஆமா சார்."

"யார் வெச்சது?"

"நான்."

"மேல போயி யாரும்மா வெக்கச் சொன்னது?"

"நின்னுகினு இருந்துச்சு சார். நின்னா நெத்தின்னு வெச்சிட்டேன்."

அவர் பலகையை முதலாளியிடம் கொண்டுபோனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். முதலாளி பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பூஜைக்குக் கற்பூரம் காட்டியவர் அவர்தான். பெயிண்ட் ஏன் அடிக்கவில்லை என்று சூப்பர்வைசரைக் கேட்டார். கடைசியில் முதலாளி என்னைப் பார்த்தார்.

"என் கால் எரிஞ்சதுக்கும் இதுதானா?"

"ஆமா சார்."

"அடுத்த வருஷம் நடுவுல வைம்மா."

நூம்பல்காரி திங்கட்கிழமை வந்தாள். நிரந்தரமும் ஆனாள். என்னைத் தலைமை ஆளாகப் போடுகிற பேச்சு அதோடு நின்றது. பலகைகளில் சிவப்புப் பக்கம் ரம்பத்தால் ஒரு வெட்டு போட்டார்கள், விரலுக்குத் தெரிகிற மாதிரி.

கோடவுனில் கிடந்த நானூறையும் மாற்றி மாட்ட எங்கள் இரண்டு பேரையே அனுப்பினார்கள். மூன்று நாள், பஸ்ஸில். அவள் கொக்கியை மாற்றுவாள். அதற்கு முன்னால் கிளிப்பைக் கழற்றுவது என் வேலை. முதல் பச்சைப் புள்ளியை எடுத்து ஸ்க்ரூடிரைவரைத் திருப்பினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. அடுத்ததும் அப்படியே. மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவள் தன் துண்டைக் கிழித்து, நனைத்துச் சுற்றிவிட்டாள்.

"லூசுன்னாரே அந்த ஆளு" என்றேன்.

"இறுக்கித்தான் வெச்சேன்னு அன்னிக்கே சொன்னேனேக்கா" என்றாள்.

மூன்றாம் நாள் கடைசியைக் கழற்றும்வரை ஒன்றுகூட லூசாக இல்லை.